ஒரே வாணலியில் கீரை பாஸ்தா: எது தவறினால் எங்கே பார்ப்பது

வடிக்காமல் செய்யும் பாஸ்தாவில், வாணலிக்குள் போனது எதுவும் வெளியே போவதில்லை. தண்ணீர், உப்பு, பாஸ்தாவிலிருந்து கரையும் மாவு, கீரையின் கசப்பு, சரியாக அலசாத மண் என எல்லாமே கடைசியில் தட்டுக்குத்தான் வரும். இத்தாலியில் வழக்கமாக 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்று கணக்கு வைத்து வேகவைப்பார்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போனாலும், மாவு அதிகம் கரைந்தாலும், வடிநீரோடு பெரும்பகுதி போய்விடும். நமக்கு அந்த வசதி இல்லை. கஞ்சி வடித்த சோற்றுக்கும் பொங்கலுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பொங்கலுக்குத் தண்ணீரை முதலிலேயே அளந்து ஊற்ற வேண்டும், உப்பை முதலிலேயே யோசித்துப் போட வேண்டும். அந்தப் புத்தியோடு வாணலியை வைத்தால் பாதிக் கோளாறு வராது.

கீரையையும் பாஸ்தாவையும் ஒரே பானையில் வேகவைப்பது தென்கிழக்கு இத்தாலியின் பூல்யா பகுதியில் பழைய பழக்கம். காது மடல் போலக் குழிந்திருக்கும் ஒரேக்கியெத்தே பாஸ்தாவை, சிமே தி ராப்பா என்ற கசப்புக் கீரையோடு சேர்த்துக் கொதிக்கவிட்டு, பூண்டும் மிளகாயும் காய்ச்சிய ஆலிவ் எண்ணெயில் புரட்டுவார்கள். டர்னிப் இனத்தைச் சேர்ந்த அந்தக் கீரைக்கு நம் கடுகுக்கீரை நெருங்கிய உறவு. அவர்கள் தண்ணீரை வடிப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை வேகவைக்கும் முறை, 2013ல் அமெரிக்கச் சமையல் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகையில் வந்த ஒரு செய்முறைக்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பிரபலமானது.

கோளாறுகளுக்குப் போவதற்கு முன், அடிப்படை அளவைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எல்லாத் திருத்தங்களும் இதை வைத்துத்தான்.

மூன்று பேருக்கு 250 கிராம் பென்னே (குழாய் வடிவம்) அல்லது ஃபுசில்லி (திருகு வடிவம்). தண்ணீர் 750 மில்லி, அதாவது எடைக்கு மூன்று மடங்கு. ஆய்ந்து அலசிய பாலக் கீரை 200 கிராம். பூண்டு 6 பல், மிளகாய் வற்றல் 2, எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், அரை மூடி எலுமிச்சை, சீஸ் 50 கிராம். பாத்திரம் அகலமாகவும் அடிகனமாகவும் இருக்கட்டும். குறுகிய உயரமான பாத்திரம் இதற்குச் சரிவராது. எண்ணெய் சூடாவதற்கு முன்பே நறுக்கிய பூண்டைப் போட்டு சிம்மில் மெல்லப் பொன்னிறமாக்கி, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, உடனே தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, பாஸ்தாவைக் கொட்டுங்கள். முதல் இரண்டு நிமிடம் கரண்டியை எடுக்காமல் கிளறுங்கள். பிறகு மூடாமல், நன்றாகக் கொதிக்கும் தீயில், அவ்வப்போது கிளறி வேகவிடுங்கள். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று இருந்தால் இந்த முறையில் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். கடைசி 2 நிமிடத்தில் கீரை. அடுப்பை அணைத்தபின் எலுமிச்சையும் சீஸும்.

தண்ணீர் வற்றிவிட்டது, பாஸ்தா வேகவில்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான், அதனால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 100 கிராம் உலர்ந்த பாஸ்தா வெந்ததும் 220 முதல் 250 கிராம் வரை எடை வரும். அதாவது தன் எடையைவிடக் கொஞ்சம் அதிகமான தண்ணீரைக் குடிக்கிறது. 250 கிராம் பாஸ்தா 300 முதல் 375 மில்லி வரை குடிக்கும். அகலமான பாத்திரத்தை மூடாமல் நல்ல தீயில் வைத்தால், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கால் லிட்டர்வரை ஆவியாகிப் போகும். மிச்சம் இருப்பதுதான் பாஸ்தாவைச் சுற்றி நிற்கும் குழம்பு. மூன்று மடங்கு என்ற அளவு இப்படித்தான் வருகிறது.

ஆகவே முன்னதாகவே வற்றினால் காரணம் தீ, இல்லையென்றால் பாத்திரத்தின் அகலம். உடனே செய்ய வேண்டியது, கொதிக்கும் தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராக ஊற்றுவது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வரும்வரை பாஸ்தா ஊறிக்கொண்டே இருக்கும், வெளிப்புறம் குழைந்து நடுப்பகுதி மாவாகவே நிற்கும். பக்கத்து அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தில் வெந்நீரைத் தயாராக வைத்துக்கொள்வது இந்தச் சமையலின் முக்கால் நிம்மதி.

அடுத்த முறை தண்ணீரைக் கூட்டுவதற்கு முன் தீயைக் குறைத்துப் பாருங்கள். கொதி விடாமல் இருந்தால் போதும், தளதளவென்று பொங்க வேண்டியதில்லை. பாதி நேரம் பாதி மூடி வைப்பதும் உதவும். முழுக்க மூடினால் மாவு நுரை பொங்கி அடுப்பில் வழியும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் சமைப்பவர்களுக்கு இது வேறு காரணத்தாலும் வரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேக அதிக நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் வற்றும். ஒரு டம்ளர் கூடுதலாக வைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மறந்துவிட்டுக் கடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பாஸ்தா வெந்துவிட்டது, தண்ணீர் நிற்கிறது

பதறி வடிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில்தான் பூண்டு, உப்பு, மாவு எல்லாம் இருக்கிறது. தீயைக் கூட்டி ஒரு நிமிடம் வேகமாகக் கிளறுங்கள். பாஸ்தாக்கள் ஒன்றோடொன்று உரசும்போது மாவு கழன்று குழம்பு கெட்டியாகும். இன்னும் தளர்வாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு 3 நிமிடம் சும்மா விடுங்கள். அணைத்த பிறகும் பாஸ்தா குடித்துக்கொண்டுதான் இருக்கும். வாணலியில் பார்க்கும்போது "இன்னும் கொஞ்சம் கெட்டியாக வேண்டுமோ" என்று தோன்றும் பதத்தில் நிறுத்தினால், தட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும். வாணலியிலேயே சரியாக இருந்தால் தட்டில் இறுகிப்போகும்.

தண்ணீர் எங்கிருந்து கூடியது என்று புரியவில்லையா? கீரையைப் பாருங்கள். பாலக்கின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அலசி வடியவிடாமல் ஈரத்தோடு போட்டால், இலையில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து அரை டம்ளருக்கு மேல் வரும். கீரையை இரட்டிப்பாக்கினால் தண்ணீரில் 100 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். உறையவைத்த கீரை என்றால் முதலில் உருகவிட்டுப் பிழிந்தே ஆக வேண்டும்.

கொழகொழவென்று பசைபோல் ஆகிவிட்டது

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். நல்ல உலர் பாஸ்தா டியூரம் கோதுமை ரவையில் செய்வது. அந்தக் கோதுமையின் புரதம் வலைபோல் மாவுத் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மைதாவில் செய்த பாஸ்தாவில் அந்த வலை பலவீனம். கொதிநீரில் போட்டதும் மேற்புறம் கரைந்து தண்ணீரெல்லாம் கஞ்சியாகும். வடிக்கிற முறையில் அந்தக் கஞ்சி போய்விடும் என்பதால் மைதா பாஸ்தாகூடத் தப்பித்துவிடும், ஒரே வாணலியில் தப்பாது. இத்தாலியில் 1967லேயே சட்டம் போட்டு உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். பாக்கெட்டின் சத்து அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நம்பி வாங்கலாம். இந்தச் சமையலுக்கு விலை கூடிய பாஸ்தா வாங்குவது ஆடம்பரம் இல்லை, அவசியம். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

பாஸ்தா நல்லதாக இருந்தும் பசையானால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், காரத்தன்மையும் இருக்கும். காரத்தன்மை உள்ள தண்ணீரில் மாவு அதிகம் கரையும். உப்புக்கரிக்கும் தண்ணீர் என்றால் அந்தக் கரிப்பும் வற்றி வற்றித் தட்டில் இரட்டிப்பாக வந்து நிற்கும். நீங்கள் குடிக்கும் தண்ணீரில்தான் இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணம் அளவுக்கு மீறிய கிளறல். முதல் இரண்டு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும்தான் விடாமல் கிளற வேண்டிய நேரம். நடுவில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் துழாவிவிட்டால் போதும்.

பசையானதை ஓரளவு மீட்கலாம். கால் டம்ளர் வெந்நீரும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் விட்டு வேகமாகப் புரட்டினால் ஒட்டல் தளர்ந்து பளபளப்பு வரும். பாஸ்தாவே குழைந்துபோயிருந்தால் மீட்க முயலாதீர்கள், சூப்பாக மாற்றிவிடுங்கள். இன்னும் இரண்டு டம்ளர் வெந்நீர், ஒரு கைப்பிடி வெந்த கொண்டைக்கடலை அல்லது ராஜ்மா, மிளகு, எலுமிச்சை. பாஸ்தாவையும் பயறையும் கெட்டி சூப்பாகக் குடிப்பது இத்தாலிய வீடுகளில் அன்றாடச் சாப்பாடு. இரவு உணவுக்கு இதுவும் குறைந்ததில்லை.

அடிபிடிக்கிறது

பாஸ்தா போட்ட முதல் இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டதுதான் பெரும்பாலும். மேல்மாவு வெந்நீர் பட்டதும் ஒட்டும் தன்மை பெறுகிறது, அந்த நேரம் அடியில் படுத்திருந்தால் அங்கேயே ஒட்டும். மெல்லிய அலுமினிய வாணலியில் இது இன்னும் வேகமாக நடக்கும். தீய்ந்த வாடை வந்தால் அடியைச் சுரண்டாமல் மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

பாஸ்தாக்கள் கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. ஓரம் குழைந்து நடுப்பகுதி கடிக்கிறது

இரண்டுமே வடிவத்தால் வருவது. சிப்பி வடிவப் பாஸ்தா ஒன்றுக்குள் ஒன்று போய் அடுக்கிக்கொள்ளும். பட்டாம்பூச்சி வடிவத்தில் நடு மடிப்பு தடிமன், இறக்கை மெல்லிசு. மெல்லிசான ஏஞ்சல் ஹேர் 3 நிமிடத்தில் வெந்துவிடும், அதற்குள் தண்ணீர் வற்றாது. இந்த முறைக்கு ஃபுசில்லியும் பென்னேயும் நம்பிக்கையானவை. ஸ்பகெட்டியும் நன்றாக வரும், ஆனால் அது முழுசாகப் படுக்கும் அளவுக்கு அகலமான பாத்திரம் வேண்டும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது கடைசிவரை பச்சையாகவே இருக்கும். இரண்டு வகைப் பாக்கெட்டின் மிச்சங்களை ஒன்றாகப் போட்டுச் செய்யாதீர்கள்.

உப்பு கரிக்கிறது

வடிக்கும் முறைக்கான உப்பை இதற்குப் போட்டிருப்பீர்கள். 750 மில்லிக்கு லிட்டர் கணக்கில் போட்டால் ஏழரை கிராம், அதன் மேல் சீஸ் என்றால் கட்டாயம் கரிக்கும். சூப் க்யூப் போடுபவர்கள் உப்பையே முதலில் போடாமல் கடைசியில் பார்த்துக்கொள்ளட்டும். கரித்துப்போனதற்கு உருளைக்கிழங்கு போட்டு எடுப்பது என்ற வைத்தியம் இங்கே பயன்படாது, தண்ணீர்தான் இல்லையே. உப்பில்லாமல் தனியாக வேகவைத்த ஒரு கைப்பிடி பாஸ்தா, இன்னும் ஒரு கட்டுக் கீரை, உப்பில்லாத பனீர், கொஞ்சம் ஃபிரெஷ் கிரீம் என்று அளவைக் கூட்டித்தான் கரிப்பைக் குறைக்க முடியும்.

கீரை கறுத்துப்போய்ப் பச்சை நிறம் இல்லை

பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூட்டிலும் புளிப்பிலும் அது கழன்று போனால் பச்சை மங்கிப் பாசிநிறமாகிவிடும். கீரையிலேயே கொஞ்சம் அமிலம் உண்டு. மூடி வைத்தால் அது ஆவியோடு வெளியேறாமல் மூடியில் பட்டுத் திரும்ப விழும். கீரை வேகும்போது மூடாதே என்று நம் வீடுகளில் சொல்வதன் அர்த்தம் இதுதான். தக்காளியோ எலுமிச்சையோ முன்னாலேயே சேர்ந்திருந்தால் இன்னும் விரைவாகக் கறுக்கும்.

எனவே பாலக்குக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் போதும். எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகு. தக்காளி சேர்த்துத்தான் செய்வேன் என்றால் கீரையைத் தட்டில் போடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு சேர்த்துப் புரட்டிவிடுங்கள், பாஸ்தாவின் சூட்டிலேயே வாடிவிடும். பச்சையாக இருக்க ஆப்பசோடா போடுவதை நான் சொல்லமாட்டேன். நிறம் நிற்கும்தான், ஆனால் கீரை வழவழத்துக் கரையும், சோடா வாடை வரும், காரத்தன்மை கூடிப் பாஸ்தாவும் பசையாகும்.

எல்லாக் கீரைக்கும் இரண்டு நிமிடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுகீரையும் அரைக்கீரையும் பொடியாக நறுக்கினால் 4 நிமிடம் கேட்கும். முருங்கைக்கீரைக்கு 5, 6 நிமிடம் வேண்டும். அதை எண்ணெயில் பூண்டோடு ஒரு வதக்கு வதக்கி எடுத்து வைத்துக் கடைசியில் சேர்ப்பது இன்னும் நல்லது. நறுமணமும் கூடும், பாஸ்தாவில் திப்பிதிப்பியாக அப்பாது. முருங்கைக்கீரையில் ஈர்க்கு ஒன்று விடாமல் உருவிவிடுங்கள். சாம்பாரில் தப்பிக்கும் ஈர்க்கு பாஸ்தாவில் தொண்டையில் நிற்கும். தண்டு தடித்த கீரை என்றால் தண்டைத் தனியாக நறுக்கி, பாஸ்தா பாதி வெந்ததும் போட்டுவிடலாம். பூல்யாவின் கீரை பாஸ்தாவிலும் இளந்தண்டும் மொட்டும் இலையோடு சேர்ந்தே வேகும்.

பாஸ்தாவெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது

சிவப்புத் தண்டுக்கீரையின் சாயம் தண்ணீரில் கரையக்கூடியது. கெட்டுப்போகவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். குழந்தைகளுக்குப் பிடித்தும் போகலாம்.

கடிக்கும்போது நறநறவென்கிறது

வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும். கீரையை வடிதட்டில் வைத்துக் குழாயைத் திறந்துவிடுவது அலசல் ஆகாது, மண் இலை மடிப்பிலேயே தங்கும். பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில் கீரையை மூழ்க அலசி, இரண்டு நிமிடம் அசையாமல் விட்டு, மண் அடியில் தங்கியதும் கீரையைக் கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் தங்கிய மண் திரும்பக் கீரை மேலேயே விழும். அடியில் மண் தெரியாத வரை தண்ணீரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் வாங்கும் கீரைக்கு இன்னும் ஒன்றிரண்டு அலசல் கூடுதல். நறுக்கிய பிறகு அலசாதீர்கள், அலசிவிட்டு நறுக்குங்கள்.

வழவழப்பாக நூல் விடுகிறது

கொடிப்பசலை போட்டிருப்பீர்கள். அதன் சதைப்பற்றான இலையில் கோந்து அதிகம், பருப்பில் அது அருமை. பாஸ்தாவின் மாவோடு சேர்ந்தால் இரண்டு வழவழப்பும் கூடிவிடும். இந்தச் சமையலுக்கு அதைத் தவிர்த்துவிடலாம்.

சாப்பிட்டபின் பல் கூசுகிறது

பாலக்கிலும் தண்டுக்கீரை வகைகளிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம், பல்லில் ஒட்டினாற்போல் தோன்றுவது அதனால்தான். பாலோ சீஸோ சேர்த்தால் அவற்றின் சுண்ணாம்புச்சத்து அதைப் பிடித்துக்கொள்ளும், கூச்சம் குறையும். சிறுநீரகக் கல் இருப்பவர் வீட்டில் இருந்தால் இதை விளையாட்டாக விட வேண்டாம். தண்ணீரை வடிக்காத முறை என்பதால் ஆக்சலேட்டும் முழுதாகத் தட்டுக்கு வருகிறது. அவருக்காகக் கீரையைத் தனியே நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேருங்கள், கரையும் ஆக்சலேட் கணிசமாகக் குறையும். இன்னொரு பாத்திரம் அழுக்கானால் ஆகட்டும். மருத்துவர் கீரையே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதுதான் முடிவு.

கசக்கிறது

எந்தக் கசப்பு என்று முதலில் பிரித்தறியுங்கள். நாக்கின் பின்பக்கம் நின்று, தீய்ந்த வாடையோடு கசந்தால் அது பூண்டு. சூடான எண்ணெயில் போட்டு ஓரம் பழுப்பாகியிருக்கும். அதற்குப் பரிகாரம் கிடையாது, ஆரம்பத்திலேயே கவனித்தால் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே லாபம். சுத்தமான கசப்பு என்றால் கீரை. வெந்தயக்கீரை, மணத்தக்காளிக்கீரை, கடுகுக்கீரை போன்றவற்றைப் பாலக்கோடு மூன்றில் ஒரு பங்காகக் கலந்து போடுங்கள். உப்பு சரியாக இருந்தால் கசப்பு அடங்கும், கொழுப்பும் அடக்கும். ஒரு துண்டு வெண்ணெய் சேர்த்துப் பாருங்கள். ஆனால் கசப்பை முழுக்கப் போக்க நினைக்க வேண்டாம். பூல்யாக்காரர்கள் அந்தக் கசப்புக்காகவே இதைச் செய்கிறார்கள், காரமும் பூண்டும் அதோடு சேரும்போது வரும் ருசி தனி.

சீஸ் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது

கொதிக்கும்போது போட்டதால் அதன் புரதம் சுருங்கி இறுகி, நெய் பிரிந்துவிட்டது. அணைத்து, ஒரு நிமிடம் சூடு தணியவிட்டு, துருவிய சீஸைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறினால் மாவுத்தண்ணீர் அதைத் திரளவிடாமல் பிடித்துக்கொள்ளும். டப்பாவிலும் க்யூபிலும் வரும் பதப்படுத்திய சீஸில் பிரியாமல் இருக்க உப்புவகைகள் ஏற்கெனவே சேர்த்திருப்பதால் அது திரளாது. ருசி மட்டுதான், ஆனால் அவசர வேளைக்குக் கைகொடுக்கும். மொசரெல்லா நூலாக இழுபடும். அது அதன் குணம், குழம்பாகக் கரையாது.

சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறையவைப்பது. பெக்கொரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். இறைச்சி இல்லையே என்று அவற்றைச் சைவமாக நினைத்து விருந்தாளிக்குப் பரிமாறிவிடக் கூடாது. பச்சைக் குறி பார்த்து வாங்குங்கள். நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த சீஸ் நம் ஊரில் எளிதாகவே கிடைக்கிறது. சீஸே வேண்டாம் என்றால் இன்னும் அழகான வழி பூல்யாவிலேயே இருக்கிறது. பழைய ரொட்டியைத் தூளாக்கி, ஆலிவ் எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து மேலே தூவுவார்கள். சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் வந்த பழக்கம். எனக்குச் சீஸைவிட இதுவே பிடிக்கும்.

பால் சேர்த்தேன், திரிந்துவிட்டது

தக்காளியோ எலுமிச்சையோ உள்ளதில் கொதிக்கும்போது பால் ஊற்றினால் திரியத்தான் செய்யும். பாலுக்குப் பதில் ஃபிரெஷ் கிரீமை, அணைத்தபின் சேருங்கள். கொழுப்பு கூடுதல், புரதம் குறைவு என்பதால் அது தாங்கும். திரிந்ததைச் சாப்பிடுவதில் தீங்கில்லை, பார்வைக்குத்தான் நன்றாயிருக்காது.

எல்லாம் சரி, ஆனால் ருசி மொட்டையாக இருக்கிறது

பூல்யாவின் அசல் செய்முறையில் எண்ணெயில் கரையும் நெத்திலிவகை உப்புமீன் ஒன்றுண்டு. சைவமாகச் செய்யும்போது அதை எடுத்துவிடுகிறோம், அந்த இடத்தை எதுவும் நிரப்புவதில்லை. மொட்டைச் சுவைக்கு முதல் காரணம் இது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பொடியாக நறுக்கிய காளானையோ ஒரு ஸ்பூன் தக்காளி பேஸ்டையோ பூண்டெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கினால் அந்த ஆழம் வந்துவிடும். அரை டீஸ்பூன் சோயா சாஸும் அதே வேலையைச் செய்யும். சேர்த்தால் உப்பைக் குறையுங்கள்.

ஆனால் எதைச் சேர்ப்பதற்கு முன்பும் இதைச் செய்து பாருங்கள். மூன்று சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு ஸ்பூன் பாஸ்தா எடுத்து, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றில் இரண்டு சொட்டு எலுமிச்சை, ஒன்றில் சில சொட்டு எண்ணெய் விட்டு ருசியுங்கள். எது உங்களை நிமிரவைக்கிறதோ அதுதான் வாணலிக்குத் தேவை. பெரும்பாலும் எலுமிச்சைதான் ஜெயிக்கும். மாவும் கீரையும் கொழுப்பும் சேர்ந்த எதற்கும் கடைசியில் ஒரு புளிப்பு வேண்டும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலிவ் எண்ணெய் இல்லையென்றால் மரச்செக்குக் கடலை எண்ணெய் நன்றாகவே சேரும். நல்லெண்ணெயின் வாசம் பாஸ்தாவை அமுக்கிவிடும். எந்த எண்ணெயானாலும் 3 டேபிள்ஸ்பூனை ஒன்றாகக் குறைக்காதீர்கள். மாவுத்தண்ணீரும் எண்ணெயும் கலந்துதான் குழம்பே உருவாகிறது.

உலோக வாடை, கறுத்த குழம்பு

இரும்பு வாணலியில் எலுமிச்சையோ தக்காளியோ கீரையோடு சேர்ந்து நேரம் நின்றிருக்கும். சமைப்பது இரும்பில் என்றால் புளிப்பைத் தட்டில் சேர்த்து, உணவை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். எவர்சில்வர் அடிகனப் பாத்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை.

குக்கரில் வைத்தேன், விசில் வழியாக நுரை கொட்டுகிறது

மாவு நுரை ஆவிக்குழாயை அடைக்கக்கூடும், இது ஆபத்து. உடனே அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். குக்கரில்தான் செய்வேன் என்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் ஒரே விசிலோடு நிறுத்த வேண்டும். கீரையைத் திறந்தபின்தான் சேர்க்க வேண்டும். பதம் கையில் இருக்காது என்பதால் நான் குக்கரைச் சிபாரிசு செய்வதில்லை.

மிச்சம் வைத்தது மறுநாள் கட்டியாகிவிட்டது

ஆறினால் மாவு இறுகும், குழம்பு முழுவதையும் பாஸ்தா குடித்துவிடும். மைக்ரோவேவைவிட வாணலி நல்லது. கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடி, சிம்மில் சூடாக்கிப் புரட்டினால் தளரும். கடைசியில் புதிதாகச் சில சொட்டு எலுமிச்சை.

மிச்சத்தை இரவெல்லாம் மேடையில் விட்டுவிடாதீர்கள். வெந்த மாவுப்பண்டத்தில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், தட்டையான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குழந்தைக்கு மதியத்துக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் காலையில் நன்றாகச் சூடாக்கி, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய ஃபிளாஸ்க் டிபன் பாக்ஸில் ஆவி பறக்கப் போட்டு மூடுங்கள். மதியத்துக்குள் இன்னும் குடிக்கும் என்பதால், வீட்டில் நீங்கள் சாப்பிடும் பதத்தைவிட நாலு ஸ்பூன் வெந்நீர் அதிகமாகச் சேர்த்துக் கட்டுங்கள்.